உள்ளங்கையில் மூன்று மணி

ஒக்டோபர் 3, வெள்ளி

கோட்டுக்குக் கஞ்சி போட்டேன். மழை, காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டதில் இப்போது கோட்டு முழுக்கக் கருவாட்டு வாசம். நாளை வரும் ஜெர்மன்காரர்கள் அதைப் பழங்கால வாசம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அரசாங்க ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தேன். அப்போதெல்லாம் இப்படி ஒரு கோட்டை நான் கண்ணாலும் கண்டதில்லை. பால் வெள்ளை, முன்னால் பித்தளைப் பொத்தான்கள், தலைக்கு வெள்ளைக்காரன் காலத்துத் தொப்பி. உத்தியோகத்தில் இருந்தபோது வராத களை ஓய்வு பெற்ற பிறகு வந்திருக்கிறது. மனேஜர் ஷெல்டன் கொழும்புப் பொடியன். நேர்முகத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தான். "அங்கிள், உங்கட மீசைக்கே இந்த வேலை குடுக்கலாம்" என்றான். என் அனுபவத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அங்கிள் என்று கூப்பிடாதே, மாஸ்டர் என்று கூப்பிடு என்று இரண்டு வருடமாகச் சொல்கிறேன். ஓகே அங்கிள் என்கிறான்.

தேயிலைப் பெட்டி இறக்கத் துரைமார் போட்ட சின்னப் பாதை இது. புல் மூடிக் கிடந்ததைக் கம்பனி தோண்டி எடுத்து, எலிசா என்ற நீராவி எஞ்சினையும் மூன்று பெட்டிகளையும் உல்லாசப் பயணிகளுக்காக ஓட விட்டிருக்கிறது. கீழே கட்டைப்பாலம் ஸ்டேசனில் நான். மேலே உச்சித்தோட்டம் ஸ்டேசனில் புஷ்பகாந்தி. இடையில் ஒற்றைத் தண்டவாளம், வளைவுக்கு மேல் வளைவு.

ஒக்டோபர் 5, ஞாயிறு

புஷ்பகாந்தி சம்பளம் வாங்கக் கீழே வந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளி, நாற்பது வயதில் ரயில் வேலை படித்துத் தேறியவள். அவள் சீருடை போட்ட அன்று தோட்டமே கூடிப் பார்த்ததாம். கொஞ்சம் விறைப்பானவள், சட்டத்தில் எழுதியிருப்பதை எழுதியபடியே செய்வாள். எனக்கு அது பிடிக்கும்.

நான் வண்டியை அனுப்புவதை அருகில் நின்று பார்த்தாள்.

அனுப்பும் முறை இதுதான். அவள் அறையிலும் என் அறையிலும் ஆளுக்கொரு மரப்பெட்டி, உள்ளே மணி, முன்னால் தட்டும் கட்டை. இங்கே கட்டையைத் தட்டினால் அங்கே மணி அடிக்கும், அங்கே தட்டினால் இங்கே. நான் மூன்று தட்டினால் "வண்டியை அனுப்பவா?" என்று அர்த்தம். பதிலுக்கு மூன்று வந்தால் "அனுப்பு". விடாமல் அடித்தால் "நிறுத்து, பாதையில் ஆள் இருக்கிறது". அனுமதி வந்த பிறகுதான் பிரம்பு வளையத்தில் கோத்த பித்தளைத் தகட்டைச் சாரதியிடம் நீட்டுவேன். அந்தத் தகடு கையில் இல்லாமல் எலிசா அசையக் கூடாது. பயணிகள் படம் பிடித்துத் தள்ளுவது இந்தக் காட்சியைத்தான். அவர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் பாதை பார்க்கும் ஆட்கள் தள்ளிக்கொண்டு போகும் ட்ரொலிக்குத் தகடு கிடையாது. அவர்களுக்கு இந்த மணிதான் காவல். வோக்கி டோக்கி வாங்கித் தரச் சொன்னால், படத்தில் விழுந்தால் பழங்காலம் கெட்டுவிடும் என்கிறான் ஷெல்டன்.

"ஏன் ஐயா, பெட்டிய கட்டிப் புடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?" என்று புஷ்பகாந்தி கேட்டாள். என் காதருகே வந்து கேட்டாள். நல்ல பழக்கம்.

பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தால் ஒவ்வொரு அடியும் எலும்பில் ஏறும் என்று விளக்கினேன். மழையும் எஞ்சின் மூச்சும் காதைக் குழப்பும், கையைக் குழப்பாது. காதை நம்புவது கத்துக்குட்டிகள் வேலை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சம்பளத்தை வாங்கக் கிளம்பினாள்.

ஒக்டோபர் 8, புதன்

மனைவி நாயகி ஊரிலிருந்து போன் எடுத்தாள். நான் இங்கே வேலைக்கு வந்தபோது அவளையும் வரச் சொன்னேன். அளவெட்டி வீட்டையும் பசுமாட்டையும் விட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள். கலியாணம் முடித்த காலத்தில் இவள் கதைத்தால் பக்கத்து அறைக்குக் கேட்காது. இப்போது போனில் ஊரையே கூட்டுகிறாள். வயது போகப் போகக் குணம் மாறும் போலிருக்கிறது. அவள் கத்துவதைக் கேட்டால் எனக்கும் எரிச்சல் வருகிறது. சீக்கிரம் வைத்துவிடுகிறேன்.

இன்றைக்கு நீளமாக என்னவோ சொன்னாள். மலையில் சிக்னல் சரியில்லை. பதினேழாம் திகதி என்பது மட்டும் விழுந்தது. கோயிலில் ஏதாவது இருக்கும். ஓம் ஓம் என்றேன். "நிச்சயமோ?" என்றாள் போலிருந்தது. அதற்கும் ஓம்.

எழுத மறந்துவிட்டேன்: இந்த மலையில் இப்போது குருவிகளே இல்லை. வந்த புதிதில் விடிய நித்திரை கொள்ள விடாமல் கத்தும். தேயிலைக்கு அடிக்கிற மருந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ஸ்டேசன் நாய்க்கும் சோம்பல் பிடித்துவிட்டது. வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிறது, குரைப்பதில்லை. ஷெல்டனிடம் சொன்னேன். சிரித்தான்.

ஒக்டோபர் 11, சனி

சப்பாத்துக்குள் அட்டை, காலில் இரத்தம். இந்த ஊரில் என்னைப் பிடித்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று நடந்த எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பயணப் படம் எடுக்கும் கோஷ்டி ஒன்று வந்திருந்தது. ஷெல்டன் விடியற்காலை தொடங்கித் தலைகால் தெரியாமல் ஓடித் திரிந்தான். தகடு கொடுக்கும் காட்சியை மேடையின் கோடித் தூணருகே எடுக்க வேண்டும், வெளிச்சம் போய்விடும், கெதியாக வாருங்கள் என்று கதவில் நின்று கையை ஆட்டினான். மணிப்பெட்டிக்கும் தூணுக்கும் நல்ல தூரம். நான் முறையை விடவில்லை. மூன்று தட்டினேன். உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அடி ஏறியதும் கையை எடுத்துக்கொண்டு தூணடிக்கு ஓடினேன். தொப்பியைச் சரி செய்தேன், வளையத்தை நீட்டினேன், சாரதி கையை நுழைத்து வாங்கிக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள். கொடியை அசைத்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சுரங்கம் தாண்டிய வளைவில், மேலிருந்து இறங்கிய ட்ரொலி நின்றது. மண் சரிந்த இடத்தை மூன்று பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாரதி பிரேக்கில் தொங்கியிருக்கிறான். மூன்று பேரும் தேயிலைக்குள் குதித்தார்கள். ட்ரொலி நொறுங்கி விறகாகிவிட்டது. ஒருவனுக்குக் கை முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ரயில் பெட்டிக்குள் இருந்தவர்கள் இதையும் படம் பிடித்தார்களாம்.

நான் மூன்று தட்டினேன். மூன்று வந்தது. ஆண்டவன் சாட்சி.

ஒக்டோபர் 15, புதன்

ஷெல்டன் தன் அறைக்குக் கூப்பிட்டான். மேசையின் அந்தப் பக்கம் புஷ்பகாந்தி. முகம் வெளிறியிருந்தது.

ட்ரொலி பாதையில் இருந்ததால் தான் விடாமல் மணி அடித்ததாகவும், தோள் நோகும் வரை அடித்ததாகவும் அவள் சொல்கிறாள். ஷெல்டன் இதை எனக்காகத் திரும்பவும் உரக்கச் சொன்னான். நான் மூன்றுதான் வந்தது என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு மணியை நான் பிழையாக எண்ணியதில்லை என்றேன். அதுவும் உண்மை.

அவள் என் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். அழுகையும் பேச்சும் கலந்தால் யாருக்குத்தான் விளங்கும்? ஷெல்டன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். பயத்தில் பொய் சொல்கிறாள் போலிருக்கிறது.

ஒக்டோபர் 16, வியாழன்

அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. ஆனால் மூன்றுதான் வந்தது.

ஒக்டோபர் 18, சனி

புஷ்பகாந்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கொழும்பிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்து விசாரிக்கும் வரைக்கும் என்று சொல்லித்தான். ஆனால் சீருடையைத் திருப்பி வாங்கிவிட்டார்களாம். அவளுக்குப் படிக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு. மறுபடி கொழுந்து கிள்ளப் போனால் தோட்டம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். மேலே இப்போது ஷெல்டனின் கார் டிரைவர் உட்கார்ந்திருக்கிறான்.

நேற்று நாயகிக்குப் பல தரம் போன் எடுத்துப் பார்த்தேன். தூக்கவில்லை. பதினேழாம் திகதி அல்லவா, கோயிலில் இருந்திருப்பாள்.

சாப்பாடு இறங்கவில்லை. புட்டு அவித்து நாய்க்குப் போட்டேன்.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பயணிகளுக்குப் பயற்றம் பணியாரம் கொடுக்கச் சொன்னான் ஷெல்டன். கோட்டோடு நின்று கொடுத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை என் மீசையைத் தொட்டுப் பார்த்து, உண்மையானதுதானா என்று தாயிடம் கேட்டது.

நாயகி இன்றைக்கும் போன் தூக்கவில்லை. கோபம் போல. எதற்கென்றுதான் தெரியவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கடையில் மண்ணெண்ணெய் வாங்கும்போது புஷ்பகாந்தி எதிரே வந்தாள். சீருடை இல்லாமல் அவளை அடையாளம் பிடிக்க ஒரு கணம் எடுத்தது. ஒதுங்கிப் போவாள் என்று நினைத்தேன். நேராக என் முன்னால் வந்து நின்றாள். கடைக்கு முன்னால் லொறி ஒன்று எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. அவள் நிறையப் பேசினாள். முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சுவது போலிருந்தது. கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள். ஓமம்மா, ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மண்ணெண்ணெய்யை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி

பிற்பகல் வண்டிக்குப் பஸ்ஸில் வந்த பயணிகளோடு சேலை கட்டிய பெண் ஒருத்தி இறங்கினாள். கறுப்புக் கண்ணாடி, கையில் பனையோலைக் கூடை. யாரோ ஊர்ப்பெண் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினாள். நாயகி. வலது கண் சிவந்து வீங்கியிருந்தது.

அறைக்குள் கூட்டிவந்து தேநீர் கொடுத்தேன். கண்ணுக்கு என்ன என்று கேட்டேன். குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு கதிரையை இழுத்து என் இடது பக்கமாகப் போட்டு, வாயைக் காதோடு வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பதினேழாம் திகதி எனக்குக் கண் ஒப்பரேசன் எண்டு சொன்னனான். தனியப் போகப் பயமாக் கிடக்கு, வாங்கோ எண்டு சொன்னனான். நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நிச்சயமோ எண்டும் கேட்டனான். அதுக்கும் ஓம் எண்டனீங்கள். ஆஸ்பத்திரியிலை நேர்ஸ் வந்து, துணைக்கு ஆர் எண்டு கேக்கிறா. என்ரை அவர் வருவார் எண்டு சொல்லிச் சொல்லி, கடைசி ஆளா உள்ளுக்குப் போனன்."

மலையில் சிக்னல் சரியில்லை என்றேன்.

அப்போது அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிக்னல் இல்லையப்பா. அஞ்சு வரியமா இப்பிடித்தான். நான் ஏன் உங்களோடை இஞ்சை வரேல்லை எண்டு நினைக்கிறியள்? மாட்டுக்காகவோ? நாள் முழுக்கக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை நோகுது. மெல்லக் கதைச்சு எவ்வளவு காலம் தெரியுமே?"

ஒக்டோபர் 25, சனி

நாயகி விடிய எழும்பி வாசலில் நின்றாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன பார்க்கிறாய் என்றேன். குருவிகள் என்றாள். என்ன சத்தம் போடுதுகள் என்றாள்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

நாயகி மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனாள். போனவள் வரவில்லை. மதியம் தாண்டித்தான் வந்தாள். கடையில் புஷ்பகாந்தியைக் கண்டிருக்கிறாள். மாஸ்டரின் மனைவி என்று தெரிந்ததும் லயத்துக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டிருக்கிறாள். பெண் பிள்ளைகள் இரண்டும் காலில் விழுந்து கும்பிட்டனவாம்.

எதற்கு என்று கேட்டேன்.

நாயகி மறுபடி கதிரையை இடது பக்கம் போட்டாள். புஷ்பகாந்தி சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "ஐயாகிட்ட கேட்டேங்கம்மா, நான் விடாம அடிச்சது ஒங்களுக்குக் கேக்கலைன்னு விசாரிக்க வர்ற பெரியவருகிட்ட சொல்லுவீங்களான்னு. எனக்குத் தெரியும், அவருக்குக் காது மந்தம். அவரு மேல தப்பு போட எனக்கு மனசு வரல்ல. அவரே சொன்னாத்தான் நல்லதுன்னு கேட்டேன். ஒடனே ஓம்னு சொல்லிட்டாரும்மா. சாமி மாதிரி மனுசன்."

சாமி மாதிரி.

அதற்குள் புஷ்பகாந்தி லயம் முழுக்கச் சொல்லிவிட்டாளாம். ஐயா சொல்லிடுவாரு, நான் மறுபடி வேலைக்குப் போயிடுவேன் என்று. பெரிய பிள்ளை சீருடைக்குப் பொத்தான் தைக்க நூல் வாங்கி வைத்திருக்கிறதாம்.

நாயகி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்றாவது கேட்டிருக்கலாம். பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பதினான்காம் திகதியை நான் ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, கையை எடுத்தேன். கையை எடுத்த பிறகு அந்தப் பெட்டி என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. எழுதிவிட்டேன். எனக்குத் தெரியாது.

ஒக்டோபர் 27, திங்கள்

ஷெல்டனிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு, என் காது சரியில்லை, புஷ்பகாந்தி சொல்வதுதான் சரி, அதிகாரியிடம் நானே சொல்லப் போகிறேன் என்றேன். சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவன் திடுக்கிடுவான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டான். உரக்கத்தான் பேசினான். "தெரியும் அங்கிள். எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் டிரைவர் விசில் அடிச்சு அடிச்சுத்தான் உங்கள திருப்புறான். கைட் பொடியன்மார் டூரிஸ்ட்கிட்ட என்ன சொல்றாங்க தெரியுமா? மாஸ்டர் அந்தக் காலத்து ஆள், கத்தித்தான் பேசணும், அதுவும் ஷோல ஒரு பகுதின்னு."

உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக என்னைச் சுற்றி நின்று சிரித்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"தெரிந்துமா அவளை நிறுத்தினாய்?"

"அங்கிள், யோசிச்சுப் பாருங்க. காது கேக்காத ஆளை மணிக்குப் பக்கத்துல வச்சிருந்தோம்னு ரிப்போர்ட்ல போனா, லைனையே மூடிடுவாங்க. நாப்பது பேருக்கு வேலை போகும். ஒரு பொம்பள பதட்டத்துல பிழை விட்டான்னா, அவளோட முடிஞ்சிடும். அவளுக்கு வேற ஏதாவது பாத்துக் குடுப்பேன். நீங்க நாளையிலருந்து மணிகிட்டயே போக வேண்டாம். கோட்டைப் போட்டு நில்லுங்க, கொடிய ஆட்டுங்க. அதே சம்பளம்."

காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். அவன் உண்மையிலேயே யோசித்தான். தொப்பியைக் கொஞ்சம் இறக்கிப் போட்டால் படத்தில் தெரியாது என்றான்.

வீட்டுக்கு வந்து நாயகியிடம் நாற்பது பேர் கதையைச் சொன்னேன். "நாப்பது பேரிலை அவள் சேர்த்தியில்லையோ?" என்றாள்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

நாற்பது பேரையும் எனக்குத் தெரியும். சமையல் செய்யும் பொடியனுக்குப் போன மாதம்தான் கலியாணம் நடந்தது. கை முறிந்தவனும் அந்த நாற்பதில் ஒருவன். அவனைப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அடுத்த தரம் கை முறிவதோடு போகாது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஒக்டோபர் 30, வியாழன்

அதிகாரி வந்தார். ஹேமசிறி என்று பெயர். வயதானவர், எதையும் இரண்டு தரம் கேட்பவர். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. நாயகிக்குச் சிங்களம் ஓரளவு வரும். என் இடது காதருகே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஏன் இங்கே என்று ஷெல்டன் முகத்தைச் சுளித்தான். என் காது அவள்தான் என்றேன்.

ஷெல்டன் முதலில் பேசினான். மேல் நிலையத்தில் மணி பிழையாக அடிக்கப்பட்டிருக்கலாம் என்றான். அனுபவம் குறைந்த பெண் என்றான். மேடையில் பயணிகள் நின்றார்கள். பத்தரை வண்டிக்கு எலிசா புகை விட்டுக்கொண்டிருந்தது. நான் கோட்டோடுதான் இருந்தேன். காலையில் கழற்றி வைக்கலாமா என்று யோசித்தேன். கழற்றவில்லை. யாருக்காக இந்த வேஷம் போட்டேனோ அவர்கள் முன்னாலேயே முடியட்டும் என்று தோன்றியது.

என் முறை வந்ததும், பேச்சால் எதையும் நிரூபிக்க முடியாது ஐயா, புஷ்பகாந்தியை மேலே உட்கார வையுங்கள், நான் மூன்று தட்டுகிறேன், அன்றைக்கு அவள் எப்படி அடித்தாளோ அப்படியே அடிக்கட்டும் என்றேன். ஷெல்டன் நடுவில் புகுந்தான். ஹேமசிறி அவனைக் கையால் தடுத்துவிட்டுத் தன் ஆளை ஜீப்பில் மேலே அனுப்பினார். முக்கால் மணி நேரம் எல்லோரும் காத்திருந்தோம். பயணிகள் இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்து உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். கமராக்கள் தயாராக இருந்தன.

மூன்று தட்டினேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டிக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து நின்றேன். நாயகியை வெளியே போகச் சொல்லியிருந்தேன்.

சுவரில் பழைய கால அட்டவணை ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதை வாசித்தேன். ஒரு தரம் முழுக்க வாசித்து முடித்தேன். மணிக்காகக் காத்திருந்தேன். மேலே அவள் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது, ஜீப் எங்காவது சேற்றில் புதைந்திருக்கும் என்று நினைத்தேன். அட்டவணையை இரண்டாம் தரம் தொடங்கினேன். கால் உளைந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், இன்னும் எவ்வளவு நேரம் ஐயா, எப்போது அடிப்பாள் என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

பதில் இல்லை என்று நினைத்துத் திரும்பினேன்.

ஒருவரும் படம் பிடிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். ஷெல்டன் தரையைப் பார்த்தான். ஹேமசிறி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

போய்ப் பெட்டி மேல் கையை வைத்தேன். அது அடித்துக்கொண்டிருந்தது. எண்ண முடியாத வேகத்தில், ஒரு சொட்டு இடைவெளி இல்லாமல். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கேட்டது என்று இங்கிருந்து பதில் தட்டும் வரை அடிப்பதை நிறுத்தக் கூடாது என்பது சட்டம். அவள் சட்டத்தில் எழுதியபடி செய்பவள். அன்றைக்கும் இப்படித்தான், தோள் நோக நோக, மூன்று பேரின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்திருக்கிறாள். நான் தூணடியில் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

மூன்று என்று சொன்னது நான்தான், பிழை என்னுடையது, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஹேமசிறியிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். பாதையை மூடுவாரா, வேறு ஆள் போட்டு ஓட விடுவாரா என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பிறகு கட்டையில் கையை வைத்து, அவளுக்குச் சேர வேண்டிய பதிலைத் தட்டினேன். நாயகி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள். மணி நின்றுவிட்டது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.